நீ தபாலில் போடச் சொன்ன உறை

அன்பு மகளுக்கு,

உன் உறை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸில் ஏறுவதற்கு முன், "இன்னிக்கே போட்டுருங்கப்பா, மறந்துறாதீங்க" என்று சொல்லி என் கையில் தந்தாய். முகவரி எழுதி, முத்திரையும் ஒட்டித்தான் தந்தாய். எனக்கு நீ மிச்சம் வைத்த வேலை, அதைப் பெட்டிக்குள் போடுவது ஒன்றுதான். இன்று வியாழக்கிழமை. இந்த நான்கு நாளில் அம்பிட்டியத் தபாற்கந்தோரைப் பல தடவை கடந்து போனேன். ஒரு தடவை உறையைப் பெட்டியின் வாய்வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பி எடுத்தேன். மறந்துவிட்டதாக நினைக்காதே. தண்ணீர் பில்லைக்கூட வந்த அன்றே கட்டி, பற்றுச்சீட்டில் துளை போட்டுக் கோவையில் கோக்கிற ஆள் நான். போடாததற்குக் காரணம் கோபம். உன்மேல் கோபம், உன் மாமன்மேல் கோபம், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் ஒரு பிள்ளையை ஏழு மாதம் உட்கார வைத்த கந்தோர்கள்மேல் கோபம். இவை எல்லாவற்றையும்விட அதிகமாக யார்மேல் கோபம் என்பதை எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். என் குரல் நடுங்கினால் நீ "சரி சரி, விடுங்கப்பா" என்று சொல்லிவிடுவாய். அப்படி விடக்கூடாத விஷயம் இது.

முதலில் உன்மேல் உள்ள கோபத்தை எழுதிவிடுகிறேன், அதுதான் சிறியது. இராணுவ அதிகாரிப் பயிற்சிக்கும் அதோடு சேர்ந்த பொறியியல் படிப்புக்கான புலமைப்பரிசிலுக்கும் நீ அனுப்பிய விண்ணப்பத்தை மீளப் பெறுவதாக அந்த உறைக்குள் இரண்டு வரி எழுதியிருப்பதாகச் சொன்னாய். இரண்டே வரி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறியபோது அழாமல், மறுநாளே இந்த விண்ணப்பப் படிவத்தைத் தேடி எடுத்தவள் நீ. பனி விலகாத காலையில் இந்த மேட்டு வீதியில் ஓடி ஏறினாய். முதல் வாரம் பாதி மேட்டில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். மூன்றாவது மாதம் உன் பின்னால் ஓடிவந்த நாய் பாதியில் நின்றுவிட்டது. வரவேற்பறையில் தண்டால் எடுத்தாய். "பல்லி மாதிரி தரையோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கா, கூட்டிப் பெருக்கக்கூட வழியில்ல" என்று அம்மா உன்னைத் தாண்டித் தாண்டிப் போனாள். தாண்டும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டு போவாள், நீ கவனித்தாயோ தெரியாது. நீ இருபது தண்டாலைத் தாண்டிய அன்று எதற்கென்று சொல்லாமல் பாயாசம் வைத்தாள். இதையெல்லாம் இரண்டு வரியில் மீளப் பெற முடியும் என்று நீ நினைத்ததுதான் எனக்குக் கோபம்.

அடுத்தது உன் மாமன். பன்விலயில் இருந்து மாதம் ஒரு தடவை வந்து, கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உன் அம்மாவின் தம்பி கேட்கிற கேள்வி உனக்கு மனப்பாடம்.

"என்னா மச்சான், கேப்டன் அம்மாவுக்குக் கடதாசி வந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"வராது மச்சான். நம்ம பேரப் பாத்தாலே கடதாசிய அடியில சொருகிருவானுங்க. பொம்பளப் புள்ள துவக்கு தூக்கிறதுக்கு என் கடையில வந்து தராசு தூக்கலாம்."

"ஒன் கடையில அவ தராசு தூக்கினா மொதல்ல ஒன் வாயத்தான் நிறுப்பா. டீயக் குடிச்சிட்டு கெளம்பு" என்றாள் அம்மா.

நீ அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அம்மா சொன்னதற்குச் சிரித்தாய். ஆனால் மாமா சொன்னதைத்தான் உள்ளே எடுத்துக்கொண்டாய். உன்னோடு நேர்முகத் தேர்வுக்குப் போன பேராதனைப் பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனைக்குக் கடிதம் வந்த அன்று, "என்னைய அவங்களுக்கு வேணாம்ப்பா, பேசிப்பேசியே ஏதோ பிழை விட்டுட்டேன்" என்று சொன்னாய். மறுவாரம் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் நோயாளிகளின் பெயர் பதிகிற கருமபீட வேலைக்கு ஒத்துக்கொண்டாய். மாமா சொன்ன காரணம் இந்த வீட்டில் சும்மா கிடக்கட்டும் என்று விட்டேன். அது முழுக்கப் பொய்யான காரணம் அல்ல, இந்த நாட்டில் அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் உன் விஷயத்தில் நடந்தது அது இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேர்முகத் தேர்வு முடிந்து ஒரு மாதத்தில், நீ டியூஷன் கொடுக்கப் போயிருந்த ஒரு பகலில், குடும்பப் பின்னணியை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார் என்று உன்னிடம் சொன்னேன். வந்தார், கேட்டார், போனார் என்று முடித்துவிட்டேன். மிச்சம் இதுதான். அவர் மென்மையான ஆள். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். சிங்களத்தில் மூன்று விஷயம் கேட்டார்: உன் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் சான்றிதழ், என் அடையாள அட்டை. மூன்றையும் பார்த்தார், குறித்தார், புத்தகத்தை மூடினார். "அவ்வளவுதான் ஐயா, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அங்கே முடிந்திருக்க வேண்டும். நான் அவரை இருக்கச் சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்து நீலக் கோவையைக் கொண்டுவந்தேன்.

அந்தக் கோவை உனக்குத் தெரியும். என் பிரஜாவுரிமைப் பத்திரம், தாத்தாவுடையது, கலஹாத் தோட்டத்தில் அவர் பெயர் பதிந்த துண்டு, எங்கள் விவாகப் பதிவு, நான் மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்த நியமனக் கடிதம், ஓய்வு பெற்ற கடிதம். எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்படி ஒரு கோவையோ தகரப் பெட்டியோ கட்டாயம் இருக்கும். நீ யார் என்று எவராவது கேட்டால், கேட்டதற்கு முன்பே முழுவதையும் எடுத்து நீட்டுவோம். அவர் மரியாதைக்காக ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடியில் உன் பெரியப்பா இந்தியாவில் இருந்து எழுதிய பழைய கடிதங்கள் இருந்தன.

"இது யார்?"

"மாத்தயா, இது என் அண்ணன். எனக்குப் பதின்மூன்று வயதில் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பிரஜாவுரிமை பிரித்தபோது அவர் பெயர் இந்தியப் பட்டியலில், எங்கள் பெயர் இலங்கைப் பட்டியலில்."

"இருக்கிறாரா?"

"இறந்துவிட்டார்."

"அதற்குச் சான்று?"

நான் கோவையைக் கடைசித் தாள்வரை புரட்டினேன், சான்று இல்லை. அவர் மூடிய புத்தகத்தைத் திறந்தார். "படிவத்தில் பெரியப்பா சித்தப்பாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, ஐயா. நீங்கள் காட்டிவிட்டீர்கள். பார்த்ததை எழுதாமல் விட எனக்கு முடியாது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு போனார்.

இது முதல் பிழை. இரண்டாவது இதைவிடப் பெரியது. நான்கு மாதத்துக்கு முன் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில் இருந்த உறவினர் குறித்து வாக்குமூலம் தருவதற்கு, தேவையான ஆவணங்களுடன், வேலை நாள் ஒன்றில் கண்டியில் உள்ள கந்தோருக்கு வரவும் என்று நாலு வரி. தபால்காரர் வாசலுக்கு வந்தால் நீ ஓடிப்போவாய். அன்று உனக்குக் காய்ச்சல், படுத்திருந்தாய். நான்தான் வாங்கினேன். உன் கடிதம் இல்லை என்று சொன்னேன், அது உண்மைதான், என் பெயருக்கு வந்த கடிதம்தானே. பிறகு அதை நீலக் கோவைக்குள் வைத்தேன். தேவையான ஆவணங்கள் என்றால் என்ன? அண்ணனின் மரணச் சான்றிதழ். நீலகிரிப் பக்கம் இருக்கும் அவர் மகனுக்கு எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அவர்கள் வீடு மாறியிருக்கலாம். சான்றிதழ் வந்ததும் சத்தியக் கடதாசி ஒன்றும் முடித்துக்கொண்டு, எல்லாம் பூரணமாகக் கொண்டுபோகலாம் என்று காத்திருந்தேன். நீ இராணுவத்தின் கடிதத்துக்காக முன்வாசலில் காத்திருந்தாய், நான் அவர்கள் காத்திருந்த காகிதத்துக்காகப் பின்னறையில் காத்திருந்தேன். நான்கு மாதம், மகள். உன் கோப்பை ஒருவரும் அடியில் சொருகவில்லை. உன் அப்பாதான் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

இப்போது நீ உன் நேர்முகத் தேர்வில் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும். கொழும்புக்கு உன் காதைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன அன்று உனக்கு நான்கு வயது. யுத்தம் முடியாத காலம், வழியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். மற்றவர்கள் அட்டையை நீட்டினார்கள், இளம் சிப்பாய் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். எனக்கு முன்னால் வந்தபோது நான் நீலக் கோவையை நீட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. "எதுக்கு இவ்வளவு?" என்றான். ஒரு ஆள் இத்தனை காகிதத்தோடு ஏன் பிரயாணம் செய்ய வேண்டும் என்பது அவனுக்கு நியாயமான சந்தேகம். இறக்கினான். பஸ் போய்விட்டது. இரண்டு மணித்தியாலம் மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, மகன் வயதுள்ளவனிடம் நான் "சேர், சேர்" என்று சொன்னதை நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு வேறு பஸ்ஸில் போகும்போது, "அவரு கார்டு மட்டும்தானே கேட்டாரு?" என்றாய். நான் உன்னை அதட்டி அடக்கினேன். அன்றே அதற்குப் பதில் யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை.

நீ அதை மறந்திருப்பாய் என்றே நினைத்திருந்தேன். நேர்முகத் தேர்வில் ஏன் இந்தத் தொழில் என்று கேட்டதற்கு நீ அதையே சொன்னதாக வந்து சொன்னாய். "அப்பாவை இறக்கியது அந்த உடுப்புதான். நான் அழுதபோது என்னைத் தனியாகக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டு, அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட்டது ஒரு அக்கா, அவரும் அதே உடுப்புத்தான். அந்த இரண்டாவது வகை ஆட்கள் போதாது, நான் அங்கே நின்று அட்டையை ஒழுங்காகக் கேட்க வேண்டும்." இதைச் சிங்களத்தில் தடுமாறாமல் சொன்னதாகப் பெருமையாகச் சொன்னாய். எனக்கு அந்த ரிப்பனும் அக்காவும் ஞாபகமே இல்லை. எனக்கு என் அவமானம் மட்டும்தான் ஞாபகம். அதை மேசைக்குப் பின்னால் இருந்த அந்நியர்களிடம் சொல்லிவிட்டாளே என்று அன்று உன்னோடு சரியாகப் பேசவில்லை. அது களைப்பு என்று நீ நினைத்தாய்.

அதனால் என்னை நானே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த உடுப்புப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது. வீதியில் ஒரு இராணுவ வாகனம் போனால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறது. நான் நான்கு மாதம் தாமதித்தது ஒழுங்குக்காகவா, பயத்தினாலா, இல்லை நீ போகாமல் இருந்தால் நல்லது என்று மனதின் ஏதோ ஒரு மூலை நினைத்ததனாலா? எழுதுவினைஞர் வேலையில் ஒரு கடிதத்துக்குப் பதில் போடாமல் வைத்தால், வைத்ததன் காரணத்தை ஓரத்தில் குறிக்க வேண்டும். இதற்கு எந்தக் காரணத்தைக் குறிப்பது என்று எனக்கே தெரியவில்லை. மூன்றும் இருக்கலாம். தனக்கு விருப்பமில்லாததை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிற தகப்பன் கோழையைவிட நல்லவன். நான் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, பின்னால் கதவைச் சாத்தியிருக்கிறேன். நாளைக்கு உனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்தால், இல்லை என்று சொல்கிறவனுக்குப் பயப்படாதே. ஆம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறவனைக் கவனி.

நேற்று கண்டிக்குப் போனேன். கோவையை எடுத்துப் பையில் வைத்தேன், வாசல் படலையடியில் நின்றேன், திரும்பி வந்து கோவையை மேசையில் வைத்துவிட்டு அடையாள அட்டையோடு மட்டும் போனேன். பஸ்ஸில் மடியில் ஒன்றும் இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். கந்தோரில் ஒன்பது மணிக்கு இருக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வரை இருந்தேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. எழுந்து மேசைக்கு முன்னால் போய் நின்று சத்தமாகப் பேசினேன். "மாத்தயா, ஏழு மாதமாக ஒரு பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். பிள்ளைகளின் வயது உங்கள் ராக்கையில் அடுக்கி வைக்கிற சாமானா?" வீட்டுக்கு வந்த அதே அதிகாரிதான் உள்ளே இருந்து எழுந்து வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு வந்து திறந்து, அலுவலகப் பிரதியைக் காட்டினார்.

"நாங்கள் கூப்பிட்டோமே, ஐயா. நீங்கள்தான் வரவில்லை."

என் சத்தம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மரணச் சான்றிதழ் கிடைக்கவில்லை, தேவையான ஆவணங்களுடன் என்று எழுதியிருந்ததே என்றேன். அவர் கடிதத்தைத் திருப்பி அந்த வரியைப் பார்த்தார், இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல.

"அது எல்லாக் கடிதத்திலும் போடுற வரி, ஐயா. ஒருத்தரும் கவனிக்கிறதில்ல. நீங்க வாயால சொன்னா நான் எழுதிக்குவேன், கையெழுத்துப் போட்டாச் சரி."

மகள், அந்த வரியை எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கும் மேலாக அதைத் தட்டச்சுச் செய்தவன் நான். கலஹாவில் இருந்தும் பன்விலயில் இருந்தும் ஒரு நாள் வேலையை விட்டு, மழையில் நனைந்து, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். "எது தேவைன்னு சொல்லுங்கய்யா" என்று கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் கொண்டுவந்தவர்களிடம் இது தேவையில்லை என்று தள்ளியிருக்கிறேன், குறைவாகக் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஆட்களை நானே. எத்தனை பேர் திரும்பி வராமலே விட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தது கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் பெரிய பங்கு அந்த மேசைக்குப் பின்னால் இருந்த என்மேல்தான். நீ ஒரு நாள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால், எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேள். கேட்டது கிடைத்ததும், போகலாம் என்று சொல். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

வாக்குமூலம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு பக்கம். அண்ணனின் பெயர், போனது, இறந்தது. அதிகாரி கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார். தெரிவுப் பட்டியல் இன்னும் மூடவில்லை, இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுவேன், கிடைக்குமா இல்லையா என்பது என் கையில் இல்லை என்றார். அதை நம்புகிறேன். உனக்குக் கிடைக்காமலும் போகலாம். ஆனால் உன் உறை அங்கே போய்ச் சேர்ந்தால் கிடைக்காது என்பது நிச்சயம்.

இதுவரை எழுதியதை இன்று காலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான்கு மாதக் கதை அவளுக்கும் தெரியாது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "அந்தப் புள்ள தன்னையே திட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க அலுமாரியத் தொறந்து மூடிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். அரிசியை உலையில் போட்டுவிட்டு, "ஒரு சொல்லையும் மாத்தாதீங்க, அப்பிடியே அனுப்புங்க. எந் தம்பி வந்தா அவனுக்கும் வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். மதியம் எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவள் கோபமும் நியாயம்தான். இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்டலாம். என்னைப் போல கோவை வைத்திருக்கிற தகப்பன்மார் படித்தால் நல்லது.

உன் உறையை இதோடு வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை, முத்திரை அப்படியே இருக்கிறது. கொழும்பிலும் தபால் பெட்டி இருக்கிறது. போடுவதும் போடாததும் உன் இஷ்டம். உண்மை தெரிந்து போட்டால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். தெரியாமல் போட விடமாட்டேன், அதற்கு மட்டும்தான் எனக்கு உரிமை.

திங்கட்கிழமை பஸ் நகரும்போது ஜன்னலால் தலையை நீட்டி நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "நான் எதுலப்பா பிழை விட்டேன்?" பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. அதைச் சாட்டாக வைத்து, கேட்காதவன்போல் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்டது, மகள். கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இதற்கு ஆவணம் ஒன்றும் தேவையில்லை.

நீ எதிலும் பிழை விடவில்லை.

அப்பா